நெல்மூட்டை பிளாக்

கண்ணுசாமி அண்ணன் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்ததும் என் புருஷன் கலந்தர் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, நன்றாகச் சுற்றுகிற சக்கரத்துக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். ஆம்பிளை! வந்த மனுஷனை "வாங்கண்ணே" என்று கூப்பிட நான்தான் இருந்தேன்.

அண்ணன் உட்காரவில்லை. துண்டு மடிப்பிலிருந்து எங்கள் புதுப் படக்கதையை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"இது நான்தானே, ஆசியாம்மா?"

பார்த்தேன். தலையில் நெல்மூட்டை, அகலமான நெற்றி, கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு. கீழே கொட்டை எழுத்தில் 'களத்து நெல்லைத் திருடும் கயவன்!' யா அல்லாஹ்!

எங்கள் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு படக்கதைப் புத்தகம் போடுகிறோம். அவர் வரைவார், நான் கதை எழுதுவேன். மாதாமாதம் 'சித்திரச் செய்தி' என்று நாலு பக்கம் அடித்து, எங்கள் புத்தகங்களைப் பற்றிய செய்தியும் மதிப்புரையும் போடுவோம். மதிப்புரையை வேறு யார் எழுதுவார்கள்? நானேதான், பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு.

படத்தைத் தகட்டில் பொறித்து மரக்கட்டையில் அறைந்தால் அது பிளாக். மெட்ராஸிலிருந்து செய்து வர வேண்டும். அதனால் ஒரு கதைக்குச் செய்ததை அடுத்த கதைக்கும் ஓட்டிவிடுவோம். ராணியாக வந்தவள் அடுத்த மாதம் டாக்டரம்மாவாக வருவாள். அவள் கற்பனை, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கண்ணுசாமி அண்ணன் கற்பனையா? போன வருஷம் குத்தகை விவசாயிகளைப் பற்றிய படக்கதைக்காக, தாராசுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் களத்துக்கே போய் என் புருஷன் வரைந்தார். மூட்டைக்கு அடியில் முடி தெரியாது என்று சொல்லியும் கேளாமல், அண்ணன் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு வந்து, தன் பங்கு நெல்லைச் சுமந்து அசையாமல் நின்றார். புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அந்த பிளாக்கை எடுத்து, கன்னத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டுத் திருடனாக்கிவிட்டார் இந்த மகராசன். நானும் பக்கத்தைச் சரியாகப் பார்க்காமல், 'திருடனின் முகம் கண்ணிலேயே நிற்கிறது' என்று மதிப்புரை வேறு எழுதித் தொலைத்திருந்தேன்.

"விளையாட்டா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேம்மா," என்றார் அண்ணன். "குத்தகைக்காரங்க பேரைப் பதியணும்னு புதுச் சட்டம் வந்திருக்குல்ல, நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல எனக்கு விசாரணை. பண்ணைக் காரியஸ்தர் துரைக்கண்ணு இந்தப் புத்தகத்தைக் கட்டுக்கட்டா வாங்கி ஊர் பூரா குடுத்திருக்காரு. 'இவனா குத்தகைக்காரன்? களத்துல திருடுன பய, புத்தகத்துலயே போட்டிருக்கு'ங்கிறாரு. எனக்குச் சாட்சி சொல்றேன்னவங்க நழுவிட்டாங்க. பேரு ஏறலேன்னா வயலை விட்டு எறங்க வேண்டியதுதான்."

மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அடுத்த சித்திரச் செய்தியில மறுப்புப் போட்டுடறேண்ணே."

வந்ததே எனக்குக் கோபம்! "அடுத்த மாசம் போட்டா இவரு வயலு திரும்பி வருமா? நாளைக்கு வந்து எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்றேன், எம் புருஷன் மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காருன்னு!"

வந்தார். பிளாக்கைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து தாசில்தார் மேஜைமேல் வைத்தார். ஊரே கூடியிருந்தது.

"இவரு தன் பங்கு நெல்லைச் சுமந்து நின்னப்ப நான் வரைஞ்சதுங்க. கன்னத்துல கீறினது நான். திருடன்னு போட்டதும் நான்தான்," என்றார்.

துரைக்கண்ணு விடுவாரா? சித்திரச் செய்தியை உதறிப் பிரித்தார். "திருடன் மூஞ்சி கண்ணுலயே நிக்குதுன்னு யாரோ பெரிய விமர்சகர் எழுதியிருக்காரே, பாய்!"

"அதை எழுதினது நான்தாங்க," என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முக்காட்டை எவ்வளவு இழுத்துவிட்டாலும் போதவில்லை. நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நழுவியிருந்த சாட்சிகள் அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அண்ணன் பெயரைப் பதியச் சொல்லிவிட்டார் தாசில்தார்.

வெளியே வந்ததும் என் புருஷனுக்கு உயிர் வந்துவிட்டது. பையிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

"அண்ணே, செத்த நில்லுங்க. புதுசா வரைஞ்சு அட்டையிலயே போட்டுடறேன்."

அண்ணன் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வேணாம் பாய். சுவத்துல இருந்ததையும் காலையில கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

துண்டை இறக்காமலே பஸ்ஸுக்கு நடந்தார்.