சிவனம்மாளுக்கு வசூல்

குடகனாறு கரையை உடைத்துக்கொண்டு வந்ததில், அகரத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அடியோடு இடிந்துபோனது சிவனம்மாள் வீடு ஒன்றுதான். அடுத்த வீடு மாயக்காளுடையது. அதில் கூரை பாதி சரிந்தது. பாதி சரிந்ததற்கு யாரும் வந்து உச்சுக்கொட்டவில்லை.

சிவனம்மாளுக்கோ ஊரே திரண்டது. ஒருவர் தன் தோப்பில் மரம் வெட்டிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் வண்டியோடு வந்து மண் அடித்தார். "ஓட்டு வீடாவே கட்டிப்புடுவோம்த்தா" என்றார் நாட்டாமை முத்துச்சாமி.

ஓட்டு வீடு! மாயக்காளுக்குப் பொறுக்கவில்லை. புருஷன் செத்து அவள் ஒற்றையாக நின்றபோது ஒரு கீற்று கொண்டுவந்து போட ஆளில்லை. நம்ம வீடும் முழுசாக விழுந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தாள்.

ஓட்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் திண்டுக்கல் கடைவீதியில் வசூல் செய்வதென்று முடிவானது. நான்கு பெண்கள் ஒரு துப்பட்டியின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வராவிட்டால் ஊர் பேசுமே என்று மாயக்காளும் ஒரு முனையைப் பிடித்தாள். பக்கத்து முனையில் சிவனம்மாள், வெட்கத்தில் தலை நிமிராமல் வந்தாள். அந்தக் குனிவுகூட மாயக்காளுக்கு நடிப்பாகத்தான் பட்டது.

ஒரு ஜவுளிக்கடையில் முதலாளியம்மா குர்ஷித் பேகம் எழுந்து வந்து துப்பட்டியில் காசு போட்டார். மாயக்காளின் நைந்த சேலையில் அவர் கண் நின்றது.

"உங்க வீடாம்மா இடிஞ்சுபோச்சு?"

"ஆமாம்மா. என் வீடுதான்."

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. குர்ஷித் பேகம் ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து அவளிடம் கொடுத்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மனச விட்றாதீங்கம்மா." மாயக்காளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

முன்னால் நின்ற இருவரும் தெருவைப் பார்த்திருந்தார்கள். சிவனம்மாளுக்கு மட்டும் எல்லாம் கேட்டது. அவள் தன் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் திரும்பினாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சிவனம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாயக்காள் சண்டைக்கு வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தாள்.

"நல்ல நெறம்க்கா. கட்டிக்கங்க, ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்."

சிவனம்மாள் சொன்னது அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

தையில் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். உடுத்த வேறு நல்ல சேலை இல்லாமல் மாயக்காள் அந்தச் சுங்குடியையே கட்டிக்கொண்டு போனாள்.

"ஏது மாயக்கா, புதுசு?" என்றாள் ஒருத்தி. மாயக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் சிவனம்மாள். "எனக்காக வெயில்ல அம்புட்டுத் தூரம் நடந்தாகல்ல."

பந்தி முழுக்க அதே பேச்சானது. வீடு போன கஷ்டத்திலும் அடுத்தவளுக்குச் சேலை எடுத்திருக்கிறாளே, என்ன மனசு! தான் சொன்ன பொய்க்கும் அவளுக்கல்லவா நல்ல பெயர்! எழுந்து நின்று உண்மையைக் கத்திவிடலாமா என்று மாயக்காளுக்கு இருந்தது. கத்தினால் அவள் இன்னும் உயர்ந்துபோவாள்.

"சாப்டுங்கக்கா" என்று சிவனம்மாள் பாயசம் ஊற்ற வந்தாள். மாயக்காள் இலையை மூடிவிட்டு, கையைக் கழுவி, புது ஓட்டுக் கூரையை ஏறிட்டுப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.