பாடை திரும்பும் இடம்

பொன்னியம்மா செத்ததற்குக் கன்னியப்பன் லீவு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அவன் வேலை பார்க்கும் ஷாப்பிங் சென்டரில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அவன் கேட்காததற்குக் காரணம் வேறு. பின்பக்க கேட்டில் காவலுக்கு நிற்பவன் அவன். அவனும் பொன்னியம்மாவும் ஒரே காலனி. அங்கிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வழி அந்த கேட்டுக்குள்தான் போகிறது. நாம் டூட்டியில் இருந்தால் கேட் நம் கையில் இருக்கும், எவன் மறிப்பான் பார்க்கலாம் என்று தெம்பாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பூந்தமல்லி ஆவடி சாலையில் அந்தக் கட்டடம் எழும்பியபோது, காலனிக்காரர்கள் காலம்காலமாகப் பிணம் தூக்கிப்போன வண்டிப்பாதையை வளைத்து, கார்கள் வெளியே போகும் வழியாக்கிவிட்டார்கள். சாவு விழுந்தால் கேட்டைத் திறந்துவிடுகிறோம் என்று அப்போதிருந்த மேனேஜர் வாயால் சொன்னார். எழுதி வாங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வேலை தருகிறேன் என்று சொல்லும் மனுஷனிடம் காகிதம் கேட்க இவர்களுக்குக் கூச்சம். அந்த மேனேஜர் வேறு ஊருக்குப் போனார், அவர் கொடுத்த வாக்கும் கூடவே போய்விட்டது.

வேலை கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. கன்னியப்பனுக்கு விசில், பொன்னியம்மாவுக்கு மாப். மூன்று மாடிக் கழிப்பறையையும் இரண்டு வருஷமாகக் கழுவினாள். சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மேளச் சத்தம் நெருங்கியது. கன்னியப்பன் கேட்டின் பொத்தானை அழுத்தினான். குறுக்குக் கட்டை அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான். இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் புது மேனேஜர் கிருபாகரனின் குரல் வந்தது.

"கன்னியப்பன், அந்த பட்டன் இனிமே வேலை செய்யாது. கன்ட்ரோலை மேல ஆபீசுக்கு மாத்தியாச்சு. அவங்களை மெயின் ரோடு சுத்திப் போகச் சொல்லுங்க. கஸ்டமருங்க குடும்பத்தோட வந்திருக்காங்க."

"சார், நம்ம பொன்னியம்மா சார். இங்க பாத்ரூம் கழுவிகினு இருந்துச்சே."

"யாரா இருந்தா என்ன, பாடி பாடிதானே."

கன்னியப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆள் தினமும் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கழுவியவள் அவள். உயிரோடு இருக்கும்வரை உள்ளே வரலாம், செத்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமாம்.

அதற்குள் பாடை வந்துவிட்டது. ஈர வேட்டியோடு முன்னால் வந்த மகன் சரண் கட்டையைப் பார்த்தான்.

"இன்னா மாமா, தூக்கு."

"என் கையில இல்லடா. மேல மாத்திட்டானுங்க. சுத்திகினு போச் சொல்றான்."

"கெளம்பின பாடைய எப்டி மாமா பின்னால திருப்புறது?"

அதுதான் சங்கடம். வீட்டைவிட்டுக் கிளம்பிய பாடை பின்வாங்கக் கூடாது, கண்ட இடத்தில் இறக்கவும் கூடாது. வழியில் ஒரே ஓர் இடத்தில் இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவார்கள். செத்தவர் வந்த வழியே வீடு திரும்பாமல் இருக்க. காலனியின் அத்தனை பிணங்களும் திரும்பிய அந்த இடம் கேட்டுக்கு உள்ளே முப்பது அடியில், காருக்கு அம்புக்குறி வரைந்த தரையாகிக் கிடந்தது. அதைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஒரு திறப்பு. திறப்புக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. கண்ணுக்கெதிரே தெரிகிறது, போக முடியவில்லை. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். தூக்கி வந்தவர்களுக்குத் தோள் கடுத்தது.

உள்ளேயிருந்து ஒரு பெரிய கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒரே தடவைதான். கட்டை சட்டென்று மேலே போனது.

பொன்னியம்மாவுக்கு அசையாத கட்டை காருக்குள் இருக்கும் பட்டுப்புடவைப் பைகளுக்கு அசைகிறது. கன்னியப்பனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. காரின் முன்னால் போய்க் கையை நீட்டி, கன்னம் வலிக்க விசில் ஊதினான். கார் ஓரமாக ஒதுங்கியது. அவன் திரும்பி வந்து கட்டைக்கு நேர் கீழே நின்றான். கீழே ஆள் நின்றால் கட்டை இறங்காது. இரண்டு வருஷம் அதோடு நின்றவனுக்கு இது தெரியாதா.

"வாங்கடா உள்ள. மேளத்த அடிங்க."

மேளம் மறுபடி எழுந்தது. பாடை அவனை உரசிக்கொண்டு போனது. அம்புக்குறியின் மேல் பூ விழுந்தது. இறக்கினார்கள், திருப்பினார்கள், தூக்கினார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஐஸ்கிரீமும் கையுமாக நின்றவர்கள் செல்போனை நீட்டினார்கள். பிடிக்கட்டும், நன்றாகப் பிடிக்கட்டும் என்று பல்லைக் கடித்தான் கன்னியப்பன்.

சரண் சுவர்த் திறப்பிலிருந்து திரும்பிக் குரல் கொடுத்தான். "மாமா, மண்ணு போட வா."

"நான் நகந்தா கட்டை எறங்கிடும்டா. நீங்கள்லாம் இதே வழியில ஊட்டுக்கு வரணும். எனக்கும் சேத்து நீயே போடு."

வாக்கி டாக்கி கத்திக்கொண்டிருந்தது. "நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேணாம். கேக்குதா?"

"கேக்குது சார். நாளைக்கு வரல. இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் எனக்கு டூட்டி கீது" என்றான் கன்னியப்பன், நின்ற இடத்தைவிட்டு அசையாமல்.