இருபத்தைந்து கிலோ சீட்டு

சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிய ஒத்தையாள், நாற்பத்திரண்டாம் வயதில் லாரி எடைமேடையில் ஏறி நின்றபோது ஆயிரத்து நூற்றுப்பத்து கிலோ இருந்தார். உடம்பு பழைய ஒல்லிதான். சட்டை அளவுகூட மாறவில்லை.

இருபத்தைந்து கிலோவைத் தாண்டிய பெட்டியில் ‘இருவர் தூக்கவும்’ என்று சிவப்புச் சீட்டு இருக்கும். கூட்டாளி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை உரித்துவிட்டு, இருபத்தைந்து என்று அச்சடித்த வெள்ளைச் சீட்டை ஒட்டினால் தனியாகவே தூக்கித் தன் பங்கை முடித்து மூன்று மணிக்குக் கிளம்பலாம். அப்படிக் கிளம்பியதால்தான் அவருக்கு ஒத்தையாள் என்று பெயர். வெள்ளைச் சீட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்த மேஸ்திரி எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒத்தையாளுக்கு வீட்டில் அவசரம். மூன்றாம் மாடியில் மனைவி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தாள். நேரத்துக்குப் புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

அறுபது கிலோப் பெட்டியில் இருபத்தைந்து என்று ஒட்டினால் மீதி எங்காவது போய்த்தானே ஆகவேண்டும். அதில் ஒரு சிட்டிகை தூக்கியவர் உடம்பில் தங்கியது. பதினோரு வருடச் சிட்டிகை. செருப்பு வாரத்துக்கு ஒன்று தேய்ந்தது. பஸ் அவர் உட்கார்ந்த பக்கம் சாய்ந்தது.

“என்னய்யா, இரும்பையா திங்கிற?” என்றார் மேஸ்திரி.

“நீங்க குடுக்கற சீட்டைத்தாண்ணே திங்கறேன்.”

மழைக்காலத்தில் ஒருநாள் வீட்டுப் படிக்கட்டு அவர் காலடியில் நொறுங்கியது. கீழே நின்று கூப்பிட்டார்.

“மேல வராதீங்க. வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கீழ போவோம்” என்றாள் மனைவி.

“முதுகு?”

“எரியுது.”

பொழுது சாய்வதற்குள் கூட்டாளிகள் நாலு பேர் பலகை போட்டு ஏறி அவளைக் கட்டிலோடு இறக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவளைத் தனியாகத் தூக்க யாரும் துணியவில்லை. தரைத்தளத்தில் சாமான் போடும் அறையை வீட்டுக்காரர் ஒழித்துக் கொடுத்தார்.

வேலை போயிற்று. கட்டிலருகே அவர் நின்ற சிமெண்ட் தரை வருடத்துக்கு நாலு விரற்கடை அமிழ்ந்தது. முழங்கால் மூழ்கியபின் அவரால் நகர முடியவில்லை. கை எட்டாமல் போகும்போதெல்லாம் தச்சர் வந்து, அமிழ்ந்த அளவுக்குக் கட்டில் காலை அறுத்துவிட்டுப் போனார். கால்கள் தீர்ந்த வருடம் கட்டிலுக்கு அடியில் தரையைத் தோண்டினார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர் தண்ணீர் வரும் நேரத்தோடு குழி இருக்கும் அறையையும் சொல்லிவைக்கிறார். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஒத்தையாள் அவளைப் புரட்டுகிறார். முதுகில் இதுவரை புண் இல்லை.