இங்க பாருங்க

"விரல், சார்," என்றான் அவன்.

போட்டோக்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் அவரைக் கேட்காமலே வளையத்துக்குள் போய் ட்ரிகர் மேல் உட்கார்ந்திருந்தது. கையிலிருந்தது நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைத் துப்பாக்கி. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. இருந்தாலும் அவன் விடுவதாயில்லை. விரலை வெளியே எடுத்துத் துப்பாக்கியின் உடம்போடு நீட்டி ஒட்டி வைக்கச் சொன்னான். வைத்தார். அவன் அடுத்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் விரல் பூனை மாதிரி ஓசைப்படாமல் மறுபடி உள்ளே போய்விட்டது.

விரலைக் குற்றம் சொல்லி என்ன பயன்? காலமெல்லாம் கேமரா பிடித்த விரல் அது. பட்டனைப் பாதி அழுத்தி வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் கண்ணைச் சரியாகத் திறக்கிற நொடிக்காகக் காத்திருந்தே பழகியது. அவருடைய ஸ்டூடியோவில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சு விட முடியாது. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் வேலைக்கும் படம் எடுக்க வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைப்பார். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்வார். "இங்க பாருங்க, சிமிட்டாதீங்க" என்பார். உடனே சிமிட்டுவார்கள். சிமிட்டாதே என்று சொன்ன பிறகும் சிமிட்டாமல் இருக்கிற மனிதன் உலகத்திலேயே கிடையாது என்பது அவருடைய தொழில் ஞானம்.

அந்த ஞானத்தைப் பொய்யாக்கியவன்தான் இப்போது எதிரில் நின்றான். சில மாதங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வந்தான். உட்கார்ந்தான், பார்த்தான், சிமிட்டவில்லை. ஒரே கிளிக்கில் வேலை முடிந்தது. அன்றைக்கே அவருக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னிக்கு ஒருத்தன் வந்தான், செத்த மீன் மாதிரி முழிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான்," என்று மனைவியிடம் சொன்னார். மகள் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "அவரைத்தாம்பா நான் கட்டிக்கலாம்னு இருக்கேன். சும்மா உங்களைப் பார்க்கத்தான் வந்தாரு," என்றாள். அவருக்குப் புரையேறி, தண்ணீர் குடித்து, அப்புறமும் இருமிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குச் சிமிட்டாதவன் என்றுதான் பெயர். மகள் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் கூடத்தில் அவனுக்கு வேலை. சுடுகிறவர்கள் பின்னால் நின்று, யாரும் யாரையும் தப்பித்தவறிச் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும், மூக்கில் வேர்த்தாற்போல் வந்து சேர்ந்தார் மனைவியின் அண்ணன். "துப்பாக்கிக்காரனுக்கா பொண்ணு குடுக்கப் போறீங்க மச்சான்? நாளைக்கு அவ குழம்புல உப்பு ஜாஸ்தியா போட்டுட்டா நாம எங்க போய் நிக்கிறது?" என்றார். அவர் கையில் வேறொரு வரன் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு பதில் தெரிய வேண்டும் என்று கெடுவும் வைத்துவிட்டார். மனைவி, "நீங்க சொல்றதுதாங்க" என்று நைசாகக் கழன்றுகொண்டாள்.

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்க வேண்டாம்னா பண்ணிக்க மாட்டேம்ப்பா. ஆனா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்," என்றாள். "ஒரே ஒரு தடவை அவர் வேலை செய்யற இடத்துல அவரைப் பாருங்க. பார்த்துட்டு என்ன வேணா சொல்லுங்க." வேண்டாம் என்று சொல்ல ஒரு நல்ல காரணம் அகப்படும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிளம்பி வந்தார்.

காரணம் லேசில் அகப்படவில்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவன் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே போனான். "முனை எப்பவும் குறி அட்டை இருக்கிற பக்கம்தான். சுடற வரைக்கும் விரல் வெளிய. காலியா இருக்குன்னு தெரிஞ்சாலும் உள்ள குண்டு இருக்குன்னே நினைச்சுக்கோங்க. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. முதல்ல மேஜை மேல வைக்கணும், கையை எடுக்கணும், அப்புறம்தான் திரும்பணும்."

"யார் கூப்பிட்டாலும்?"

"நானே கூப்பிட்டாலும், சார்."

அதோடு நிற்காமல், அவர் பின்னால் போய் நின்றுகொண்டு "சார்" என்று கூப்பிட்டான். அவர் பொம்மைத் துப்பாக்கியோடு திரும்பினார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் திரும்பினார். பிறகு ஒருவழியாக, "சார்" என்ற சத்தம் கேட்டதும் வைத்துவிட்டுத் திரும்பக் கை பழகியது. பழகிய பிறகும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சரியான ரம்பம், இவனோடு என் பொண்ணு எப்படிக் காலம் தள்ளுவாள் என்று போட்டோக்காரர் நினைத்தார். ரம்பம் என்பதை ஒரு காரணமாக மச்சானிடம் சொல்ல முடியுமா என்றும் யோசித்துப் பார்த்தார். மச்சானே ஒரு ரம்பம் என்பதால் அந்த யோசனை எடுபடவில்லை.

சுடும் கூடம் நீளமாக, வெள்ளை வெளிச்சத்தோடு இருந்தது; எரிந்த தீக்குச்சி வாசனை அடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு மேஜை, மேஜைகளுக்கு நடுவில் மரத் தடுப்பு, தூரத்தில் வட்டங்கள் போட்ட அட்டை. தரையில் சிவப்புக் கோடு, அதற்குப் பின்னால் மஞ்சள் கோடு, அதற்கும் பின்னால் தடித்த கண்ணாடிச் சுவர். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். மகள் காதுமூடியை மாட்டிக்கொண்டு உரிமையாக உள்ளே வந்து, மஞ்சள் கோட்டின் மேல் நின்றாள். சிமிட்டாதவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

போட்டோக்காரருக்குக் காதுமூடி மாட்டினார்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடியும் ஏறியது. பக்கத்து மேஜையில் நடுவயது அம்மா ஒருத்தி, காய் நறுக்குகிற மும்முரத்தோடு சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் சுடச் சுட இவருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. அவன் அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில், இடிக்காத தூரத்தில் நின்றுகொண்டான். முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான் என்றான். போட்டுக்கொடுத்தான்.

முதல் குண்டு எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டாவது அட்டையின் ஓரத்தில் பட்டது. அப்புறம்தான் அவருக்குப் பிடி கிடைத்தது. மங்கின வெளிச்சத்தில் படம் எடுக்கும்போது செய்வதைத்தான் செய்ய வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தணும், அழுத்துகிறோம் என்றே தெரியாமல் அழுத்தணும். அடுத்தது கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அதற்கடுத்ததும் உள்ளேதான். அவன் தலையை மட்டும் அசைத்தான். ஆனால் அந்த அம்மா தடுப்புக்கு மேலே எட்டி அவருடைய அட்டையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். போட்டோக்காரருக்கு ஜிவ்வென்று ஏறியது. இந்த வயதில் இப்படியொரு சந்தோஷம் மிச்சமிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அடுத்த தோட்டா உள்ளே போனது. துப்பாக்கியை உயர்த்தினார். அக்கம்பக்கத்தில் யாரும் சுடாத ஒரு சின்ன இடைவெளி அது. அப்போதுதான் பின்னாலிருந்து மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதுமூடிக்கும் கேட்கட்டும் என்று உரக்கக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க!"

ஊருக்கெல்லாம் அவர் சொன்ன சொல் அது. அவரைப் பார்த்து அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வீட்டு ஆல்பத்தில் மகள் தவழ்கிறாள், நடக்கிறாள், பல் விழுந்து சிரிக்கிறாள், பட்டம் வாங்குகிறாள். பக்கத்தில் அம்மா இருக்கிறாள், மாமா இருக்கிறார், யார் யாரோ இருக்கிறார்கள். எடுத்தவர் மட்டும் எதிலும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டதும் போட்டோக்காரரின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தாடை தானாகக் கொஞ்சம் இறங்கியது. அவர் திரும்பினார். கண் போகிற பக்கமெல்லாம் கூடவே போய்ப் பழகிய கைகளும் திரும்பின.

"ஏய், அசையாதே!"

அவருடைய மணிக்கட்டு இரும்பில் மாட்டிக்கொண்டது போலிருந்தது. துப்பாக்கி முனை மரத்தடுப்பைப் பார்த்தபடி பாதி வழியில் நின்றிருந்தது. அவன் அவர் கையை அப்படியே முன்பக்கமாகத் திருப்பி, மேஜையோடு அழுத்தி, விரலைப் பிரித்தெடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். தோட்டாவை வெளியே எடுத்து வைத்தான். கூரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்கள். நின்று, அவரைப் பார்த்தார்கள்.

"வெடிக்கலையே தம்பி," என்றார் போட்டோக்காரர்.

"வெடிக்கல சார். வெளிய போய் உட்காருங்க. இன்னிக்கு இனிமே கிடையாது." பிறகு திரும்பாமலே மகளிடம் சொன்னான். "நீயும் போ."

பக்கத்து மேஜை அம்மா வழிவிட்டு ஒதுங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தடுப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சும் தண்ணீர் மெஷினும் இருந்தன. போட்டோக்காரர் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தார், மகள் மறுகோடியில் உட்கார்ந்தாள். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பத்துப் பேர் பார்க்க, கட்டிக்கப்போகிற பெண்ணின் அப்பனை ஏய் என்கிறான். கையை முறுக்குகிறான், வெளியே போ என்கிறான். தேடி வந்த காரணம் இதோ தானாக மடியில் வந்து விழுந்துவிட்டது. மச்சானிடம் இதைச் சொன்னால் போதும், அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். மகளும் மீற மாட்டாள். மாலை டீ குடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தண்ணீர் பிடிக்கப் போனார். காகித டம்ளர் கையில் நிற்கவில்லை, தண்ணீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. அவர் தன் கையைப் பார்த்தார். ஸ்டாண்ட் இல்லாமல் ராத்திரிக் கல்யாணமே எடுத்த கை அது. திரும்ப வந்து உட்கார்ந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அந்தக் காட்சி ஒரு படமாக அவர் முன்னால் வந்து நின்றது. யார் எங்கே நின்றார்கள் என்று பார்ப்பதுதானே அவர் தொழில். இங்கே மேஜை, இங்கே தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து தோட்டா போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா. முனை இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் மஞ்சள் கோடு. கோட்டின் மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிரித்தபடி அவருடைய மகள். அவருடைய விரல் அப்போது எங்கே இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தார். பாதி அழுத்தத்தில் இருந்தது.

"மாமாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மகள். அழுது முடித்த குரல்.

அவர் பதில் சொல்வதற்குள் கூடத்தின் கதவு திறந்தது. சிமிட்டாதவன் வந்தான். வேலைக்காக மேலே போட்டிருந்த சிவப்பு ஜாக்கெட் இல்லை. அது இல்லாமல் பார்க்க ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்தான். பெஞ்சின் நடுவில், இரண்டு பேருக்கும் இடையில் இருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"வேலை?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கு மேல இருக்கிற பெரியவர்கிட்டச் சொல்லிட்டேன். இன்னிக்கு என் இடத்துல அவர் நிக்கிறாரு." எதிர்ச் சுவரைப் பார்த்தபடி தொடர்ந்தான். "உன்னைக் கோட்டுக்கிட்ட விட்டது நான்தான். வேற யாரா இருந்தாலும் கண்ணாடிக்கு அந்தாண்ட போன்னு சொல்லியிருப்பேன். உன்கிட்டச் சொல்ல வாய் வரல. அப்படிப்பட்ட ஆள் இன்னிக்கு அங்க நிக்கக் கூடாது."

உள்ளே மறுபடி சுட ஆரம்பித்துவிட்டார்கள். போட்டோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏய்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"அசையாதேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நாளைக்கே நான் மாமனாரா ஆகி, மறுபடி இதே மாதிரி திரும்பினேன்னு வையுங்க."

"மறுபடியும் அதான் சொல்வேன், சார்."

மன்னிப்புக் கேட்பான் என்று போட்டோக்காரர் ஒரு நிமிடம் காத்துப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. முழங்கால் மேல் வைத்திருந்த அவனுடைய கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவரைப் பிடித்து நிறுத்தியபோது துளிகூட நடுங்காத அதே கைகள்தான். அவன் அதை மறைக்க ஒரு கையால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையும் நடுங்கியது.

பையில் போன் அதிர்ந்தது. மனைவி. "என்னங்க ஆச்சு? அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். போட்டோக்காரர் எழுத ஆரம்பித்தார். ஒரு வார்த்தை எழுதி அழித்தார். இன்னொன்று எழுதி அதையும் அழித்தார். எழுத்து அவருக்கு எப்போதுமே சரியாக வந்ததில்லை; படம்தான் வரும்.

எழுந்து எதிர்ச் சுவர் வரைக்கும் போனார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனைத் தூக்கினார். திரைக்குள் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் எழுந்துபோனதால் பெஞ்சின் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மகள் மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து, நடுங்குகிற அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். வழக்கமான அந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் சொல்லவில்லை. ஆள்காட்டி விரல் பட்டனைத் தொடாமல், போனின் விளிம்போடு நேராக நீண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான், இன்னொரு தடவை சிமிட்டினான். போட்டோக்காரர் மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு, அவர்கள் தாங்களாகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.