கடைசி மூலையில் ஒரு ஸ்டேக் கடை

அம்மாதான் அந்தக் கடையைக் கண்டுபிடித்தாள்.

"நீச்சல் குளத்துல பக்கத்துல படுத்திருந்த பொம்பள சொன்னா," என்றாள். "லாஸ் வேகாஸ்லயே இதவிட நல்ல ஸ்டேக் கிடையாதாம். பழைய கடை. கருவேலங்கரி போட்டு மாட்டுக்கறியச் சுடறாங்களாம்."

"எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

பழைய கடைத்தெருப் பக்கம் இருக்கும் ஒரு கேசினோவின் பெயரைச் சொன்னாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கட்டத் தொடங்கியது.

"கேசினோக்குள்ளயா?"

"உள்ளதான். கடைசி மூலைல. அதுக்கென்ன கிரெட்டா, நடந்து போவோம், சாப்பிடுவோம், நடந்து வருவோம்."

அப்பா சூதாட்டத்தை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன், நார்த் டகோட்டாவில் எங்கள் ஊரை அடுத்த ஒரு கேசினோவில் அவருடைய வண்டி போனது, படகு போனது, கடைசியில் நாங்கள் வாடகை வீட்டுக்கு மாறினோம். மாறிய அன்று அம்மா சொன்னாள்: "இன்னொரு தடவ நீ ஒரு சூதாட்ட மெஷின் முன்னால உக்காந்தா, வெர்ன், நான் கிளம்பிடுவேன்." அம்மா சொன்னால் செய்வாள். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் சர்ச்சின் நிலவறையில் நடக்கும் கூட்டத்துக்கு அவர் தவறாமல் போகிறார். அவரைப் போன்றவர்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பயணம் வேண்டாம் என்றார்கள். அம்மா கேட்கவில்லை.

"உன் வியாதிக்காக நான் ஆயுசு பூரா பனியப் பாத்துக்கிட்டே கிடக்கணுமா? அங்க வெயில் இருக்கு, குளம் இருக்கு, பாட்டு இருக்கு. எல்லாரும் போறாங்க."

கேசினோ இல்லாத விடுதியாகத் தேடிப் பிடித்து அறை போட்டது நான். கூட வந்ததும் அதற்காகத்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு பொருளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கம். வந்ததிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் மத்தியானம் அம்மா பக்கத்து விடுதியின் பெரிய குளத்துக்குப் போயிருந்தபோது, காபி வாங்கி வருவதாகச் சொல்லி அவர் வெளியே போனார். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். "காபி எங்க?" என்றேன். "கூட்டமா இருந்தது," என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

இன்று காலை அவர் குளித்துக்கொண்டிருக்கையில் அவருடைய கோட்டுப் பையைத் தேடினேன். பல்குச்சி, புதினா மிட்டாய். அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். அவருடைய காலுறைகள், அம்மாவின் புதிய நீச்சல் உடை. விலைச்சீட்டு அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் என்னைப் போலத்தான், கூச்சம், துணியோடே கரையில் படுத்திருப்பாள் என்று நினைத்து இழுப்பறையை மூடினேன். குழாய் நின்றுவிட்டது.

"வேற கடை பாக்கலாமே அம்மா. தெரு முனைல ஒண்ணு இருக்கு," என்றேன் இப்போது.

"அது பர்கர் கடை. கல்யாண நாளுக்கு உங்கப்பா எனக்கு பர்கர் வாங்கித் தரணுமா?"

"போகலாம்மா," என்றார் அப்பா என்னிடம். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

சாயங்காலம் ஐந்தரைக்கு இடம் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் இருட்டியபின் யாரும் சாப்பிடுவதில்லை. கேசினோவின் கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர்ந்த காற்றும் சிகரெட் வாடையும் முகத்தில் பட்டன. அடுத்து சத்தம். ஆயிரம் மணிகள் ஒன்றையொன்று கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தன. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. நேராக ஒரு பாதையும் இல்லை. எங்கே திரும்பினாலும் மெஷின் வரிசைதான் எதிரில் வந்தது.

அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டேன். மெஷின்கள் என் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்து நடந்தார். உதடு அசைந்தது.

"என்னப்பா சொல்றீங்க?"

"கார்ப்பெட்ல பூ போட்டிருக்கான் பார். அத எண்ணிக்கிட்டு வரேன். கூட்டத்துல சொல்லிக் கொடுத்தது."

அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எந்த இடத்திலும் நின்று வழி கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அவளுக்கு அவசரம் என்று மட்டும் நினைத்தேன்.

கடை வாசலில் நின்ற பெண், மேசை தயாராகும்வரை பக்கத்திலிருந்த பாரில் உட்காரச் சொன்னாள். பார் மேடையில் ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் ஒரு திரை பதித்திருந்தது. சீட்டுகள் அதில் தாமாகப் புரண்டுகொண்டிருந்தன. அப்பா தன் தொப்பியைக் கழற்றித் திரைமேல் கவிழ்த்துவைத்தார்.

"கை கழுவிட்டு வரேன்," என்று அம்மா பையை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வர நேரமானது. அப்பா தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. பார்வை என் தோளுக்குப் பின்னால், மெஷின்கள் இருக்கும் பக்கம் போய்ப் போய் வந்தது. நான் நாற்காலியை நகர்த்தி அந்தப் பக்கத்தை மறைத்து உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளும்மா. மறைக்குது."

"என்ன மறைக்குது?"

"ஒண்ணும் இல்ல."

ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. கடைசியில் எங்கள் ஊர் வானிலையைப் பற்றிப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அம்மா வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. "வரிசைல நிக்க வேண்டியதாப் போச்சு," என்றாள்.

உள்ளே வேறு உலகம். சத்தம் கதவோடு நின்றுவிட்டது. சிவப்புத் தோல் இருக்கைகள், வெள்ளை விரிப்பு, குறைந்த வெளிச்சம். எங்களைக் கவனித்த பரிசாரகருக்கு அறுபது வயது இருக்கும். சட்டையில் ஆர்மாண்டோ என்று பெயர் இருந்தது.

"சாருக்கு எப்படி வேகணும்?"

"மாட்டுக்கே தான் செத்தது தெரியாத மாதிரி இருக்கணும்," என்றாள் அம்மா. "அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"லேசா," என்றார் அப்பா. "உள்ள சிவப்பா."

"இளைய மேடத்துக்கு?"

"நல்லா வெந்து…" என்று ஆரம்பித்தேன்.

"சமையல்காரர் அழுவார் மேடம். நடுத்தரமா சொல்லட்டுமா? அவரும் குடும்பஸ்தர்."

அம்மா சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். நானும் சரி என்றேன்.

ஸ்டேக் வந்தது. எலும்போடு, தட்டு நிறைய, விளிம்பில் கொழுப்பு கருகி மொறுமொறுவென்று, மேலே உப்பும் வெண்ணெயும் தவிர எதுவும் இல்லாமல். கத்தி சும்மா இறங்கியது. கரிப்புகையின் மணம் முதலில், அப்புறம் இறைச்சியின் இனிப்பு. நாங்கள் மாட்டுப் பண்ணைகள் நடுவே வளர்ந்தவர்கள். ஸ்டேக் விஷயத்தில் மரியாதைக்குக்கூடப் பொய் சொல்வதில்லை. நான் சாப்பிட்டதிலேயே நல்ல ஸ்டேக் அதுதான். அதை ரசிக்கத்தான் விடவில்லை என் மனம். அப்பா இரண்டு துண்டு தின்றுவிட்டுக் கத்தியை வைத்துவிட்டார்.

"ஏன் வெர்ன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்ப சாப்பிடேன். உன் மூஞ்சியப் பாத்தா யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு."

அவர் அம்மாவின் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்தார். கடைசித் துண்டுவரை மெல்ல மென்று தின்று முடித்தார், மருந்து சாப்பிடுவதுபோல.

ஆர்மாண்டோ தட்டுகளை எடுத்தார். அப்பா பர்ஸை எடுத்தபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம் சார். இன்னைக்கு எல்லாம் கேசினோ செலவு."

அந்த ஊரில் யாருக்கும் சும்மா சோறு போடமாட்டார்கள். மெஷினில் உறுப்பினர் அட்டையைச் செருகிவிட்டு ஆடவேண்டும். எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று அட்டை கணக்கு வைத்துக்கொள்ளும். நிறைய ஆடியவர்களை விருந்து வைத்துக் குளிர்விப்பார்கள். எங்கள் ஊர்க் கேசினோவிலும் அப்படித்தான். சிறு வயதில் நான் தின்ற பிறந்தநாள் கேக்குகள் பாதி அப்படி வந்தவை. மூன்று பேருக்கு இப்படி ஒரு சாப்பாடு என்றால் கொஞ்ச நஞ்ச ஆட்டம் இல்லை.

நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து அப்பாவைப் பார்த்தேன்.

"எப்பப்பா? நேத்து காபி வாங்கப் போறேன்னு போனீங்களே, அப்பவா?"

அவர் என்னைப் பார்த்தார். பர்ஸ் இன்னும் அவர் கையில் இருந்தது.

ஆர்மாண்டோ பில் வைத்த தோல் உறையைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து மட்டும், மிஸஸ் டால்பர்க். மறுபடியும் வந்ததுல சந்தோஷம்."

பேனா எடுக்க அம்மா பையைத் திறந்தாள். பழைய டெலிபோன் கம்பிபோல் சுருண்ட சிவப்பு வடம் ஒன்று வெளியே சரிந்தது. அதன் முனையில் உறுப்பினர் அட்டை. ஆடும்போது தொலைந்துபோகாமல் இருக்க அதைச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். அம்மா அதை உள்ளே திணித்தாள். கையெழுத்துப் போட்டாள். ஆர்மாண்டோ நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பர்ஸை மூடிப் பைக்குள் வைத்தார்.

"ரெண்டு மத்தியானந்தான்," என்றாள் அம்மா. "சின்ன மெஷின். சும்மா பொழுதுபோகணும்னு."

"சின்ன மெஷின்," என்றார் அப்பா. "நானும் இதையேதான் சொல்லுவேன்."

"என்ன உன்னோட சேக்காத, வெர்ன்."

"நேத்து குளத்துக்குப் போய்ப் பாத்தேன். நீ இல்ல. ரெண்டு நாள் வெயில்ல படுத்தவளுக்கு மூக்குகூட சிவக்கல." அவர் குரல் உயரவே இல்லை. "இங்க வந்துதான் ஆரம்பிச்சியா?"

அம்மா விரிப்பின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள்.

"லொரெய்ன், செவ்வாய்க்கிழமைல நான் கூட்டத்துக்குப் போனப்புறம் நீ எங்க போவ?"

அவள் மறுபடியும் விரிப்பை மடித்தாள். எனக்குக் கூடத்துப் பரிசோதனைகள் ஞாபகம் வந்தன. இரண்டு சோதனைக் குழாய்கள் இருக்க, நான் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உன்னாலதான்," என்றாள் அம்மா கடைசியில். கோபமாக ஆரம்பித்தாள், கோபம் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. "உன்னத் தேடிக்கிட்டு நம்மூர் கேசினோக்கு வருவேன். வரிசை வரிசையாத் தேடுவேன். நீ எழுந்து வரமாட்ட. பக்கத்துல உக்காந்து காத்துக்கிட்டு இருப்பேன். சும்மா உக்காந்தா எழுப்பி விட்ருவாங்க. அதனால ஒரு பொத்தான அமுக்குவேன். அவ்வளவுதான். அப்புறம் நீ வரத நிறுத்திட்ட. நான் நிறுத்தல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"போயிடுவேன்னு உன்ன மிரட்டினவ நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது?"

அப்பா எழுந்து போய்விடுவாரா என்று பயந்தேன். எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன் வாடகை வீட்டில் அப்பாவின் முகம் அப்படித்தான் இருந்தது.

"எழுந்திரு," என்றார்.

"எங்க?"

"வெளிய. வேற வழி இல்ல. அதே வழிதான்."

கதவு திறந்ததும் சத்தம் மறுபடி வந்தது. அப்பா அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். நான் இடது பக்கம் போனேன். மெஷின்கள் எங்கள் இரண்டு பேருக்கும் வெளியே இருந்தன. கொஞ்ச தூரத்தில் அம்மாவின் நடை தளர்ந்தது. பச்சை விளக்கு எரியும் ஒரு மெஷின் பக்கம் அவள் உடம்பு தானாகத் திரும்பியதை என் கை உணர்ந்தது. அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. அவருக்கும் அது சுலபமில்லை.

"தரையப் பாரு," என்றார். "பூ போட்டிருக்கான் பார். எண்ணு."

"பைத்தியக்காரத்தனமா இருக்கு, வெர்ன்."

"எண்ணு."

அம்மா எண்ண ஆரம்பித்தாள். மெதுவாக, வாய்விட்டு. எங்கோ யாரோ ஜெயித்து மணிகள் அலறின. அவள் தலை நிமிர்ந்தது, எண்ணிக்கை நின்றது.

கதவு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"விட்டுப் போச்சு," என்றாள்.

"பரவால்ல. மறுபடி முதல்லருந்து," என்றார் அப்பா. தானும் குனிந்து அவளோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்.