பேசாமல் போக வேண்டிய வழி

அன்செல்ம் திர்கிக்குத் தமிழ் நாக்கில் உட்கார்ந்துவிட்டது, முகத்தில்தான் உட்காரவில்லை. ஜார்க்கண்டிலிருந்து புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வந்த தாய் தகப்பனோடு சின்ன வயதில் வந்தவன். பள்ளிக்கூடமும் இங்கேதான், சாமியாருக்குப் படித்த குருமடமும் இங்கேதான். இப்போது சாமியாருக்கு ஒரு படி கீழே, திருத்தொண்டர்; அடுத்த மாதம் குருப்பட்டம். இத்தனைக்குப் பிறகும் பஸ்ஸில் யாராவது கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவான்.

அன்று மத்தியானம் பக்கத்து ஊர் ஜீவானந்தம் கோயிலுக்குப் போன் செய்தார். "எம் பொஞ்சாதி பெரியநாயகிக்கு மூச்சு வாங்குதுங்க பிரதர். பொழுது தாண்டாதுன்னுட்டாங்க. நன்மை வாங்கிட்டுத்தான் கண்ண மூடுவேன்னு கெடக்கறாளுங்க."

பங்குச்சாமியார் சேலம் போயிருந்தார். அன்செல்ம் அவள் கேட்ட நன்மையை, இயேசுவின் உடலாக நம்பும் நற்கருணை அப்பம் ஒன்றைச் சின்னச் சிமிழில் வைத்து, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். வெள்ளை அங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்கும் என்று மடித்துப் பையில் திணித்தான்.

நற்கருணை கொண்டுபோகிறவர் வழியில் யாரோடும் பேசக் கூடாது என்பது பழைய வழக்கம். இப்போதெல்லாம் அதை யார் பார்க்கிறார்கள்? நம்ம ஆள் பார்ப்பான். சொன்னதைச் சொன்னபடி செய்தே இவ்வளவு தூரம் வந்தவன்.

ஊருக்குள் திரும்பும் இடத்தில் ரோட்டின் குறுக்கே தென்னந்தடி கிடந்தது. பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வடநாட்டான் பிள்ளை பிடிக்கிறான் என்று காலையிலிருந்து எல்லோர் போனிலும் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் எடுத்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏனுங்க, எந்தூருங்க? யாரூட்டுக்குப் போறீங்க?" நாச்சிமுத்து என்ற விவசாயி மரியாதையாகத்தான் கேட்டார்.

அன்செல்ம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஊரைக் காட்டினான். கும்பிட்டான். வாயை மட்டும் திறக்கவில்லை.

"தமிளு தெரியாதாட்ட இருக்குது. பைய புடுங்கு!"

அங்கி மண்ணில் விழுந்தது. "பாரு, வேசம் போடற துணி!" யாரோ சட்டைக் காலரைப் பிடித்தார்கள். சங்கிலி வெளியே வந்தது. "டப்பாவுல மயக்க மருந்துடா!"

ஒரு கை சிமிழை நோக்கி நீண்டது. அவன் சட்டென்று அதைத் திறந்தான், அப்பத்தை வாயில் போட்டான், விழுங்கினான்.

"முழுங்கிட்டான், முழுங்கிட்டான்!"

கன்னத்தில் அறை விழுந்தது. முதுகில் கட்டையால் ஒரு அடி. செத்தோம் என்று நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது, சிமிழ் காலி. இனிப் பேசலாம்.

"அடிக்காதீங்க! ஜீவானந்தம் அண்ணனூட்டுக்குப் போறனுங்க! பெரியநாயகி அக்காளுக்கு நன்மை கொண்டாந்தனுங்க!"

நாச்சிமுத்து ஜீவானந்தத்துக்குப் போன் போட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போனது. "அட சாமி, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

"நன்மையக் கொண்டுபோறப்பப் பேசக் கூடாதுங்க" என்று அன்செல்ம் மண்ணில் கிடந்த அங்கியை எடுத்து உதறினான். அப்பத்தைக் கண்டவர் கை படாமல் காக்க விழுங்கினானா, உயிர்ப் பயத்தில் விழுங்கினானா? அது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்கென்று கொண்டுவந்ததை அவன் தின்றுவிட்டான், அது மட்டும் தெரிந்தது. வேறு அப்பம் எடுக்கக் கோயிலுக்குத் திரும்பிப் போனால் இதே வழியாகத்தான், இவர்கள் நடுவேதான் மறுபடி வர வேண்டும். வேறு வழி கிடையாது. நாளைக்குக் கொடுக்கலாமே என்று மனசு கெஞ்சியது. நாளைக்கு அவள் இருக்க மாட்டாள்.

வண்டியைத் திருப்பினான்.

மறுபடி வந்தபோது அங்கியை உடுத்தியிருந்தான். சக்கரம் இழுத்தால் இழுக்கட்டும். சிமிழ் நெஞ்சில் கனத்தது, வாய் மூடியிருந்தது. அதே ஆட்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் அந்தக் கட்டை இன்னும் இருந்தது. அன்செல்ம் பிரேக்கை அழுத்தினான், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நாச்சிமுத்து தென்னந்தடியை இழுத்து ஓரம் போட்டார். "பேச வேண்டாஞ்சாமி. போங்க."

கட்டிலில் கிடந்த பெரியநாயகிக்குக் கண் மட்டும்தான் உயிரோடு இருந்தது. சாகக் கிடக்கிறவர்களிடம் 'அஞ்சாதேயுங்கள்' என்று சொல்லக் குருமடத்தில் படித்திருந்தான். அதைச் சொல்லாமலே சிமிழைத் திறந்தான். அப்பத்தை எடுத்த விரல்கள் ஆடின.

"கை ஏஞ்சாமி நடுங்குது?" என்றாள்.

"பயமா இருக்குதுங்க்கா."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

"எனக்குந்தாஞ்சாமி. குடு."