வண்டியில் நாலு பேர்

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் வாளி என்றுதான் கூப்பிட்டார்கள். தீயணைப்பு வண்டியின் டிரைவர் அவர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அணைக்கும்படியான தீ எதுவும் அங்கே பிடித்ததில்லை. ஒரே ஒரு தடவை குப்பைத் தொட்டி புகைந்தபோது, அதற்குப் போய் அத்தனை பெரிய வண்டியைக் கிளப்ப வெட்கப்பட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொதுச்சேவை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேறு எந்த உத்தியோகத்தில் முடியும் என்று கேட்பார்.

மலிவு விலை விமானக் கம்பெனி வந்தபிறகு அந்தச் சுகம் போயிற்று.

அதற்கு முன்பு ஒரு சின்ன விமானம், பாதிக்கு மேல் காலியாக, வந்து போய்க்கொண்டிருந்தது. கம்பெனி கொண்டுவந்தது பெரிய விமானம். இடமே இல்லாமல் ஆட்கள். பஸ் டிக்கெட் விலையில் தலைநகரத்துக்குப் பறக்கலாம் என்றதும் ஊரே சொந்தக்காரர்களை நினைத்துக்கொண்டது. மூடிக்கிடந்த லாட்ஜ் வெள்ளையடித்துக்கொண்டது. டாக்சிக்காரர்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள். நிலையத்துக்குள் ஒரு டீக்கடை முளைத்தது. வாளியின் மகள் தலைநகரத்தில் வாழ்க்கைப்பட்டு முழுகாமல் இருந்தாள்; அவர் மனைவி நினைத்தால் போவாள், நினைத்தால் வருவாள். கம்பெனியைக் குறை சொல்ல அவர் வீட்டில் யாருக்கும் வாயில்லை.

ஆனால் கம்பெனி சும்மா வரவில்லை. இறங்கு கட்டணம் கேட்கக்கூடாது. விமானம் தரையில் நிற்கும் நேரம், ஓர் ஆள் நிதானமாகக் குளித்துத் தலை துவட்டும் நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒத்துவராவிட்டால் பக்கத்து ஊர் விமான நிலையம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இதையெல்லாம் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. மேனேஜரின் போனில் வரும். பேசி முடித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வெளியே வந்து எதையாவது குறைப்பார்.

கடைசியில் குறைக்க மிச்சமிருந்தது தீயணைப்புதான். அந்த அளவு விமானம் வந்தால் வண்டியில் நாலு பேர் இருக்கவேண்டும் என்பது சட்டம். இருந்த நாலு பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியது வாளியும், அவர் மனைவியின் தம்பியும். இந்த இரண்டு பேரே பெட்டி படுக்கைகளை ஏற்றி இறக்கவும் வேண்டும். விமானம் வரும்போதே மச்சினன் தள்ளுவண்டியோடு தயாராக நின்றால்தான் நேரம் கட்டுப்படியாகும். ஆக, நாலு பேர் உட்காரவேண்டிய வண்டியில் வாளி மட்டும் ஒண்டியாக உட்கார்ந்திருப்பார். விமானம் நின்றதும் அவரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டை தூக்க ஓடவேண்டும். அது கிளம்பும் முன் திரும்பி ஓடிவந்து கோட்டை மாட்டவேண்டும். நாடகக் கம்பெனியில் ராஜாவும் சேவகனும் ஒருத்தனே என்றால்கூட இவ்வளவு அவசரமாக வேஷம் மாற்றமாட்டான்.

ஒவ்வொரு விமானமும் இறங்கும் முன்பும் ஏறும் முன்பும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் மாடியக்கா வயர்லெஸ்ஸில் கேட்பாள், வண்டி தயாரா என்று. தயார், நாலு பேர் என்று வாளி சொல்லவேண்டும். முதல் தடவை சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. மாடியக்காவிடம் பைனாகுலர் இருந்தது. ஓடுபாதையில் முயல் குறுக்கே போனாலும் சொல்லிவிடுவாள். தீயணைப்பு வண்டியின் பக்கம் மட்டும் அதைத் திருப்பமாட்டாள். மேனேஜர் கேட்கமாட்டார், மச்சினன் சொல்லமாட்டான். இப்படியே எல்லோரும் சேர்ந்து ஒரு காலி வண்டியைக் கட்டிக் காத்தார்கள்.

அன்று சாயங்காலம் வானம் சரியில்லை. மேற்கே அடிபட்ட இடம் கன்றிப்போன நிறத்தில் மேகம் திரண்டிருந்தது. காற்றின் திசை காட்டும் துணிக்குழல் விறைத்து ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மனைவி அந்த விமானத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

வாளி பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பின்னால் திரும்பி மற்ற இரண்டையும் பார்த்தார். இத்தனை நாளும் விமானத்துக்குள் இருந்தவர்கள் பயணிகள். இன்றைக்கு அதில் ஒருத்தி, போன கையோடு போன் செய்து கேஸ் அடுப்பை மூடினீர்களா என்று கேட்டவள். திடீரென்று மற்றவர்களுக்கும் முகம் முளைத்த மாதிரி இருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. வண்டி தயாரா?

"அக்கா, அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? மச்சினனைக் கூப்பிட்டுக்கறேன்."

"நிறுத்தி வைக்க அதென்ன சைக்கிளா?" என்றாள் மாடியக்கா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பைலட் எண்ணெயை அளந்துதான் போட்டுக்கிட்டு வர்றான். இப்ப இறங்க விடாட்டி தலைநகரத்துக்கே திரும்பணும். அங்கயும் இடி இறங்குது."

பிறகு, வாளியை யாரென்றே தெரியாதவள் போல, அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

"தயார்," என்றார் வாளி. "நாலு பேர்."

மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானம் தெரிந்தது. ஒரு இறக்கை தாழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று வாளி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். வண்டியை ஓட்டவேண்டும். ஓட்டிக்கொண்டே மேலே ஏறி நுரைக்குழாயைத் திருப்பவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போய்க் கதவை உடைக்கவேண்டும். யாரைத் தூக்குவது? அவளை முதலில் தூக்குவாரா, வழியில் கிடப்பவர்களைத் தாண்டியா? நல்ல கேள்விதான், வாளி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் விரல்கள் பம்ப் விசையை இறுக்கிப் பிடித்திருந்தன.

சக்கரம் தரையில் பட்டு எகிறியது. மறுபடி பட்டது. புகை கிளம்பி, காற்றில் கலைந்து, விமானம் ஒருவழியாக நின்றது.

அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மனைவி படியிறங்கி நேரே அவரிடம் வந்தாள். அங்கே வரக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு உறைக்காது. பேரனுக்கு மூக்கு அப்படியே தாத்தா மூக்கு, பாவம், என்ன செய்வது என்றாள். பிறகு பின்னால் வந்த ஒரு பெண்ணைக் காட்டினாள்.

"பக்கத்து சீட்டு. வழி பூரா ஒரே அழுகை. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்க, கீழ எங்க வீட்டுக்காரரு தீ வண்டியோட நிக்கிறாரு, அவரு இருக்கிறப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அப்புறந்தான் மூச்சே விட்டாங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நன்றிங்க என்றாள்.

வாளி குனிந்து யாருடைய பெட்டியையோ தூக்கினார். அது ரொம்ப கனத்தது.

புதிய பயணிகள் ஏறினார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு ஒரு ஜோடி. வானம் இன்னும் கீழே வந்திருந்தது. மச்சினன் கடைசிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாளி ஓடிப்போய் வண்டியில் ஏறி, கோட்டை மாட்டி, மைக்கை எடுத்தார். விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்தது.

வண்டி தயாரா?

"இல்லக்கா," என்றார். "நான் ஒரு ஆள்தான் இருக்கேன். எப்பவுமே ஒரு ஆள்தான்."

மாடியக்கா பைலட்டை நிறுத்தச் சொன்னாள். விமானம் நின்றது. தரையில் நிற்பதற்கு எண்ணெய்க் கணக்கு பார்க்கவேண்டியதில்லை.

சற்று நேரத்தில் மேனேஜர் வந்தார். எதற்கும் ஓடுகிறவர், நடந்து வந்தார். பின்னால் டிக்கெட் கவுண்டர் பெண்ணும் டீக்கடைக்காரரும். மூன்று பேரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். மேனேஜர் முன் இருக்கையில் டையைச் சரிசெய்துகொண்டு கதவைச் சாத்தினார்.

"எண்ணிக்குங்க வாளி. நாலு பேர்."

"சார், இவங்களுக்கு எந்தக் குழாய் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எனக்கு டீ வடிகட்டத்தாண்ணே தெரியும்," என்றார் டீக்கடைக்காரர் பின்னாலிருந்து. கவுண்டர் பெண் கதவுப் பிடியை விடவே இல்லை.

"சட்டத்துல ஆள்தான் கேட்டிருக்கு," என்றார் மேனேஜர். அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. "கம்பெனிக்காரங்க போயிட்டா திரும்பி வரமாட்டாங்க. எனக்கு வேலை இல்ல, இந்தப் பொண்ணுக்கு வேலை இல்ல, கடை இல்ல. உங்க பேரனைப் பார்க்க விடிய விடிய பஸ்ல போவீங்க. ஒரே ஒரு வார்த்தை. தினம் சொன்னதுதானே?"

மாடியக்கா மறுபடி கேட்டாள். நாலு பேரும் வயர்லெஸ்ஸையே பார்த்தார்கள்.

வாளி பேரனின் மூக்கை நினைத்தார். பக்கத்து சீட்டுப் பெண் சிரித்ததையும் நினைத்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"தயாரா இல்லக்கா."

விமானத்தின் எஞ்சின் சத்தம் இறங்கி அடங்கியது. மழை கண்ணாடியில் சொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து டீக்கடைக்காரர், அடுப்பில் பால் இருக்கிறது, இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். யாரும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாவம், அவர் இருந்தார்.

மேனேஜரின் சட்டைப் பையில் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார், கேட்டார், ஒரு வார்த்தை பேசாமல் வாளியிடம் நீட்டினார்.

இத்தனை நாளில் கம்பெனியின் குரலை வாளி கேட்டதே இல்லை. இளங்குரல். மிரட்டவில்லை, காரணம்கூடக் கேட்கவில்லை. ரொம்ப மரியாதையாக, முழுப் பெயர் என்னங்க என்றுதான் கேட்டது. வாளி சொன்னார். எதிர்முனையில் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

வெளியே விமானத்திலிருந்து ஆட்கள் மழையில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள், தலைக்கு மேல் பையைப் பிடித்தபடி, யாரையோ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு.